திருகோணமலையில் ஹலால் சாப்பாட்டுக்கடை: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பலகையில் பிறை இருக்கும். பக்கத்தில் 786 என்று எழுதியிருக்கும். கீழே பச்சை எழுத்தில் ‘ஹலால்’. திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கி நாலு எட்டு வைத்தாலே இப்படி ஒரு கடை கண்ணில் படும். உள்ளே போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் பிழைக்காது. ஆனால் அந்தப் பச்சை எழுத்தை எந்த ஸ்டிக்கர் கடையிலும் அரை மணித்தியாலத்தில் வெட்டிக் கொடுப்பார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சாப்பாடு ஹலாலா என்பது அடுக்களைக்குள்தான் முடிவாகிறது. இறைச்சி யார் கையால் அறுபட்டது, சமைத்த சட்டியிலும் எண்ணெயிலும் அதற்கு முன் என்ன போனது, சோஸிலும் மாவிலும் என்ன கலந்திருக்கிறது என்ற மூன்றையும் விசாரித்தால் போதும். தமிழரின் கடை, சிங்களவரின் கடை என்றாலே ஒதுக்கிவிடுவதும் அவசரம்தான். தமிழர் நடத்தும் கடைகளில் இறைச்சியை முஸ்லிம் இறைச்சிக்கடையிலிருந்து எடுப்பவை உண்டு. மாடும் பன்றியும் அடுப்பிலேயே ஏறாத கடைகளும் உண்டு. மாறாக, முஸ்லிம் பெயர் வைத்த கடையில் எந்தக் கம்பனியின் சொசேஜ் கொத்து ரொட்டிக்குள் போகிறது என்று முதலாளிக்கே தெரியாமல் இருக்கவும் கூடும்.

முதலில் உங்கள் மத்ஹபு

மத்ஹபு என்பது இஸ்லாமியச் சட்ட வழிமுறை. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். இங்கே ஒரு கடைக்காரர் “ஹலால்தான்” என்று சொன்னால் அந்தக் கணக்கில்தான் சொல்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஹனஃபிகளுக்கு இது இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று கடலுணவு. கணவாயும் நண்டும் ஹனஃபி மத்ஹபில் ஆகாது. இறாலில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, உண்பவர்களே அதிகம். திருகோணமலைக் கடைகளில் ‘மிக்ஸ் ரைஸ்’, ‘சீபூட் கொத்து’ என்றால் கணவாய் கட்டாயம் விழும், சில வேளை நண்டும். வேண்டாம் என்றால் ஓடரிலேயே சொல்லிவிட வேண்டும். தட்டு வந்தபிறகு பொறுக்கி எடுக்க முடியாது. இரண்டாவது, பிஸ்மில்லாஹ். அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயர் சொல்வது ஷாஃபிஈயில் சுன்னத், அதாவது விரும்பத்தக்கது, கட்டாயமில்லை. ஹனஃபியில் கடமை, மறதிக்கு மட்டும் மன்னிப்பு. ஆகவே ஹனஃபி ஒருவர் “முஸ்லிம்தான் அறுத்தாரா” என்பதோடு நிறுத்தாமல் இன்னொரு கேள்வியும் கேட்க நேரிடும்.

எந்தப் பக்கம் போவது

நகருக்குள் மத்திய வீதி, சந்தை, பஸ் நிலையம் ஆகியவற்றைச் சுற்றிய பகுதியில் முஸ்லிம் கடைகள் கிடைக்கும். ஜமாலியாப் பக்கமும் அப்படியே. பள்ளிவாசல் எங்கே என்று பார்த்து அதைச் சுற்றித் தேடுவது எந்த ஊரிலும் பலிக்கிற பழைய வழி, இங்கும் பலிக்கும். ளுஹர் தொழுதுவிட்டு வெளியே வரும் ஜமாஅத்தார் எந்தக் கடைக்குள் நுழைகிறார்களோ அதுவே நல்ல சாட்சி.

தெற்கே போனால் கிண்ணியா, மூதூர், தோப்பூர். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு படகுப் பாதைக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. முஸ்லிம் ஊர்கள் என்பதால் இங்கே கடைக்குக் கடை கேள்வி கேட்கத் தேவையே வராது. வடக்கே நிலாவெளி வீதியில் இக்பால் நகர், இறக்கக்கண்டி, அப்பால் புல்மோட்டை. ஆனால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரையோரமாக இருக்கும் உல்லாச விடுதிகள் வேறு கதை. அதற்குப் பிறகு வருவோம்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதைப் பக்கமும் நகருக்குள்ளும் சைவக்கடைகள் உண்டு. இடியப்பம், பிட்டு, தோசை, மரக்கறிச் சோறு. இறைச்சியே நுழையாத அடுக்களை என்பதால் தயக்கமே வேண்டாம். கோயில் திருவிழா நாட்களில் இலவசமாகக் கொடுக்கும் படையல் மட்டும் வேறு. கடையில் காசு கொடுத்து வாங்கும் சாப்பாட்டோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சுவரில் தொங்கும் தாள்

இலங்கையில் ஹலால் சான்றிதழை முன்பு மார்க்க அறிஞர்கள் சபையான அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா வழங்கியது. 2013 இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகப் பெரிய எதிர்ப்பு எழுந்து, ஜம்இய்யா அந்தப் பொறுப்பிலிருந்து விலகியது. அதன்பின் எச்.ஏ.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹலால் அக்ரெடிட்டேஷன் கவுன்சில் அந்த வேலையைச் செய்து வருகிறது. ஆகவே ஜம்இய்யாவின் பழைய ஹலால் சான்றிதழ் இன்னும் ஒரு கடைச் சுவரில் தொங்கினால் அது ஞாபகப் பொருள்தான்.

எச்.ஏ.சி. சான்றிதழ் கண்ணில் பட்டால் கிட்டப் போய் வாசியுங்கள். முதலில் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். கோழிக் கம்பனி தன் சான்றிதழின் பிரதியைக் கடைகளுக்குக் கொடுக்கும்; கடைக்காரர் அதைச் சட்டம் போட்டுக் கவுண்டருக்கு மேலே மாட்டியிருப்பார். அந்தத் தாள் கோழியைப் பற்றி மட்டுமே பேசுகிறது, அதுவும் அந்தக் கம்பனியின் கோழியை வாங்கும்வரைக்கும்தான். இந்தக் கடையின் எண்ணெயைப் பற்றியோ சோஸைப் பற்றியோ அதில் ஒரு சொல் இராது. கடையின் பெயரும் விலாசமும் இருந்தால் அடுத்து காலாவதித் திகதியைப் பாருங்கள். பல கிளை உள்ள கடை என்றால் கொழும்புக் கிளையின் விலாசமா, இங்குள்ள கிளையின் விலாசமா என்பதையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் சான்றிதழ் இலக்கத்தைப் போனில் படம் பிடித்து எச்.ஏ.சி. அலுவலகத்திடம் கேட்டுக்கொள்ளலாம்.

சான்றிதழ் இல்லை என்பதற்காக ஒரு கடையைத் தள்ளிவிட வேண்டாம். அதற்குக் கட்டணம், பரிசோதனை, பதிவேடு என்று செலவும் வேலையும் இருக்கிறது; நாலு மேசை போட்ட கடைக்கு அது கட்டாது. கிண்ணியாவில் கொத்துக்கடைக்குப் போய்ச் சான்றிதழ் கேட்டால் உங்களைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

‘இங்கு பன்றி இல்லை’ என்ற பலகை அதைத்தான் சொல்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பன்றி இல்லாத கடையில் கோழி எப்படி அறுபட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கேட்கும் முறை

“இது ஹலாலா?” என்று கேட்டால் “ஓம், ஹலால்” என்ற பதில்தான் வரும். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பன்றி இல்லாவிட்டாலே ஹலால் என்று உண்மையாகவே நம்பும் சமையல்காரர்கள் பலர். பதிலில் ஒரு இடமோ பெயரோ வரும்படி கேட்க வேண்டும்.

முஸ்லிம் கடையில்: “நானா, கோழி கம்பனிக் கோழியா, இங்கே அறுத்ததா?”
தமிழர் கடையில்: “அண்ணா, ஆட்டிறைச்சி எந்தக் கடையில எடுக்கிறீங்க? பன்றி ஏதும் போடுறீங்களா?”

கடையின் பெயர் டக்கென்று வந்தால் நல்லது. “மார்க்கெட்ல நானாட்டதான்” என்றால் முஸ்லிம் கடைக்காரரிடம் என்று பொருள், அதுவும் போதும். “அது முதலாளிதான் வாங்குவார், எனக்குத் தெரியாது” என்றால் முதலாளியைக் கேளுங்கள்; அவரும் இல்லையென்றால் அன்றைக்கு மீனும் சோறும். கூட்டம் நெரியும் பகல் ஒரு மணிக்குக் கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல நேரமிருக்காது. பதினொன்றரைக்கு முன் போனால் ஆறுதலாகச் சொல்வார்கள், பிரீசரைத் திறந்து பக்கெட்டையும் காட்டுவார்கள்.

சிங்களவர் நடத்தும் கடையில் சில சொற்கள் தெரிந்திருப்பது உதவும். கோழி ‘குக்குல் மஸ்’, மாடு ‘ஹரக் மஸ்’, பன்றி ‘ஊரு மஸ்’. தமிழ்க் காதுக்கு இந்தக் கடைசிச் சொல் பொல்லாதது. ‘ஊர் இறைச்சி’, உள்ளூரில் அறுத்தது என்று நினைத்துத் தலையாட்டிவிட வேண்டாம்.

கோழி

வெளியில் சாப்பிடும்போது அதிகம் தட்டில் விழுவது கோழிதான், சிக்கலும் அதில்தான் அதிகம். மாட்டையும் ஆட்டையும் உள்ளூராட்சி மன்ற அனுமதி பெற்ற இடத்தில் அறுத்து, அனுமதி பெற்ற கடையில் விற்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது சுலபம். கோழி அப்படியில்லை, பல வழியாக வரும்.

கம்பனிக் கோழி என்றால் பக்கெட்டைப் பாருங்கள். ஹலால் இலச்சினையும் அதோடு இலக்கமும் அச்சிட்டிருக்க வேண்டும். வெள்ளைப் பொலித்தீன் பையில் பெயரில்லாமல் கிடக்கும் துண்டுகள் எந்தக் கம்பனியினதும் அல்ல. சில கம்பனி ஆலைகளில் அறுக்குமுன் மயக்கமூட்டும் முறையை ஏற்காதவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் ஊரில் கையால் அறுக்கும் கடையைத் தேடுவதே நல்லது.

அப்படியான கடையில் என்ன பார்ப்பது? கோழியின் கழுத்தில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முழுதாக அறுபட வேண்டும். ஷாஃபிஈயில் இவ்விரண்டும் கட்டாயம், இருபக்க இரத்தக்குழாய்களும் அறுபடுவது சிறப்பு. கத்தி கூராக இருந்தால் ஒரே இழுப்பில் நாலும் அறும். அறுத்த கோழியைத் தலைகீழாகப் புனலுக்குள்ளோ பீப்பாவுக்குள்ளோ விடுவார்கள். அங்கேதான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். இரத்தம் வடிந்து, சிறகடிப்பும் கால் உதறலும் முற்றாக அடங்கியபிறகே இறகு களைய வெந்நீரில் போட வேண்டும். பெருநாளுக்கு முந்தின நாள், சனிக்கிழமை பின்னேரம் போன்ற அவசர நேரங்களில் வரிசையில் பத்துப் பேர் நிற்க, துடித்துக்கொண்டிருக்கும் கோழியே வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் போய்விடுவதுண்டு. அது அறுத்ததால் செத்ததா, வெந்நீரில் செத்ததா என்ற சந்தேகம் வந்துவிடும். நல்ல கடைக்காரர் “கொஞ்சம் பொறுங்க, அடங்கட்டும்” என்று வாடிக்கையாளரை நிற்க வைப்பார். சாப்பாட்டுக்கடை அவரிடம்தான் கோழி எடுக்கிறது என்றால் வேறு விசாரணை வேண்டாம்.

சொசேஜ், மீட்போல் போன்றவற்றை மட்டும் பக்கெட் பார்க்காமல் நம்ப வேண்டாம். கோழிச் சொசேஜும் பன்றிச் சொசேஜும் செய்யும் கம்பனிகள் இருக்கின்றன, கடையில் பக்கெட்டைப் பிரித்து எறிந்தபின் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான்.

தகடும் எண்ணெயும்

கொத்துப் போடும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பராட்டாவை வெட்டிப் போட்டு, முட்டை உடைத்து, இறைச்சிக் குழம்பு ஊற்றி, இரண்டு தகட்டுக் கத்தியால் டக்கடக்கென்று கொத்தி முடித்ததும் தகட்டைச் சுரண்டுவார், அவ்வளவுதான். ஒரு ஓடருக்கும் அடுத்த ஓடருக்கும் இடையில் யாரும் தகட்டைக் கழுவுவதில்லை, கழுவினால் சூடு போய்விடும். முந்தின கொத்தின் கொழுப்பு உங்கள் கொத்தில் இருக்கும். பன்றி போடும் கடையில் ‘முட்டைக் கொத்து மட்டும்’ என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பது இதனால்தான்.

“கழுவித் தாருங்கள்” என்று கேட்டாலும் ஷாஃபிஈகளுக்குத் தீராது. பன்றி பட்ட பாத்திரம் முகல்லழா என்ற கடும் நஜீஸ் (அசுத்தம்). ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். ஓடும் கடையில் யார் அதைச் செய்யப்போகிறார்? வேறு சட்டி, வேறு அடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு கடை.

பொரிக்கும் எண்ணெயும் இதே கணக்குத்தான். ஒரே தாச்சியில் எல்லாம் பொரியும். மீன்தானே என்று ஓடர் பண்ணுவதற்கு முன் அந்த எண்ணெயில் இன்றைக்கு வேறென்ன பொரிந்தது என்று கேட்க வேண்டும்.

இறைச்சியில்லாத இடத்தில் ஒளிந்திருப்பவை

அப்பம். இலங்கையில் அப்ப மாவைப் புளிக்க வைக்கக் கள்ளு விடுவது பழைய வழக்கம். இப்போது பெரும்பாலும் ஈஸ்ட்தான், முஸ்லிம் கடைகளில் சொல்லவே வேண்டாம். மற்ற இடங்களில் “மாவுக்குக் கள்ளு விட்டதா, ஈஸ்டா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கள்ளு விட்டதைச் சிலர் பெருமையாகவே சொல்வார்கள், அதுதானே ருசி என்று.

சைனீஸ் வகைகளில் சமையல் வைன் சேர்ப்பதுண்டு; உல்லாச விடுதிகளிலும் பெரிய ஹோட்டல்களிலும் இது அதிகம், சின்னக் கடைகளில் வெறும் சோயா சோஸும் வினாகிரியும்தான். வினாகிரியைப் பற்றிக் கவலை வேண்டாம்: தென்னங்கள்ளு தானாகவே புளித்து வினாகிரியாக மாறிவிட்டால் அது ஆகுமானது. ஜிஞ்சர் பியர் என்ற பெயரைப் பார்த்துத் தமிழ்நாட்டுக்காரர் திகைப்பார்கள். அது போத்தலில் வரும் இஞ்சிச் சோடா, மது அல்ல.

இனிப்பில் ஜெலட்டின். பலூடாவில் மிதக்கும் சிவப்பு ஜெலி, புடிங், மார்ஷ்மெலோ எல்லாவற்றிலும் கேட்க வேண்டியது இது. நோன்பு காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சும் கடற்பாசி கடல் தாவரம், பிரச்சினை இல்லை. ஜெலிப் பக்கெட் மாட்டெலும்பிலோ பன்றித் தோலிலோ எடுத்ததாக இருக்கலாம். பக்கெட்டில் ‘ஈ 441’ என்றிருந்தால் அதுவும் ஜெலட்டின்தான். நத்தார் காலத்துக் கேக்கில் பிரண்டியோ ரம்மோ ஊறிய பழங்கள் இருக்கும். வட்டிலப்பம் பயமில்லாமல் சாப்பிடலாம்.

ரோல்ஸ், பெட்டிஸ் போன்றவற்றைப் பல தேத்தண்ணிக் கடைகள் வெளியே பேக்கரியிலிருந்து எடுக்கின்றன. கடை முஸ்லிம் கடை என்பதோடு நிற்காமல் “இது எங்கே செய்தது?” என்று கேளுங்கள். முட்டை ரோலும் மீன் ரோலும் கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கும், கடித்தபிறகு உள்ளே சொசேஜ் எட்டிப் பார்க்கும்.

கடற்கரை விடுதிகள்

சித்திரை, வைகாசியிலிருந்து செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரக் கூட்டம். பாரும் இருக்கும், பன்றியும் இருக்கும். மது பரிமாறும் மேசையில் உட்காருவதே ஆகாது என்பவர்களுக்கு இங்கே விடையில்லை. அலுவலகக் கூட்டம், கல்யாணம் என்று கட்டாயம் போக வேண்டியவர்களுக்குச் சில வழிகள்.

புபேயை விட்டு ஓடருக்குச் செய்யும் சாப்பாட்டைக் கேளுங்கள். புபேயில் ஒரே இடுக்கி எல்லாப் பாத்திரத்துக்குள்ளும் போய்வரும். காலையில் பேக்கன் பொரித்த தட்டில்தான் ஒம்லெட் போடுவார்கள். கோதோடு அவித்த முட்டை, இடியப்பம், பருப்பு, சம்பல் என்று எடுத்துக்கொள்ளலாம். பகலுக்கு மீன். திருகோணமலையில் மீனுக்கா பஞ்சம்? பாரையோ விளைமீனோ முழுதாக, உப்பும் மிளகும் எலுமிச்சையும் தடவி, அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுடச் சொல்லுங்கள். கம்பியில் முன்பு எது வெந்திருந்தாலும் தாள் காக்கும். தாளைச் சுற்றியபிறகு கிழியாமல் திருப்பச் சொல்ல வேண்டும். முதல்நாளே சொல்லிவைத்தால் சமையல்காரர் மனம்கோணாமல் செய்வார், கடைசி நேரத்தில் சொன்னால் தாளைப் பாதியில் பிரித்துவிடுவார்கள்.

விசாரணைக்கும் ஒரு அளவு

எல்லாம் கேட்டுவிட்டு, பதிலும் ஒழுங்காக வந்தபிறகு மனதைப் போட்டு அரிக்க விட வேண்டாம். இறைச்சி கொண்டுவருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொன்னார்களா தெரியவில்லை என்று கேட்கப்பட்டபோது, நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள் என்று நபியவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியில் இருக்கிறது. முஸ்லிம் ஊரின் நடுவில், முஸ்லிம் கடையில் உட்கார்ந்துகொண்டு கோழியின் வம்ச வரலாறு கேட்பது கடைக்காரரை அவமதிப்பதாகத்தான் முடியும். சாப்பிட்டபிறகு பிழை தெரியவந்தால், தெரியாமல் உண்டதற்குக் குற்றமில்லை. கடை முதலாளியிடம் தனியாகச் சொல்லுங்கள், திருந்தாவிட்டால் பள்ளிவாசல் நிர்வாகத்திடம். சான்றிதழ் வைத்த கடை என்றால் எச்.ஏ.சி.க்கு அறிவியுங்கள். கடைக்கு முன்னால் நின்று வீடியோ எடுத்துப் போடுவது வேண்டாத வேலை.

நாளும் நேரமும்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஜும்ஆவுக்காக முஸ்லிம் கடைகள் கதவைச் சாத்தும், ஒன்றரை மணிவாக்கில்தான் திரும்பத் திறக்கும். போயா என்ற பௌர்ணமி நாட்களில் இறைச்சிக்கடைகள் நாடு முழுவதும் பூட்டு, அறுப்பதும் இல்லை. சாப்பாட்டுக்கடையில் அன்று கிடைப்பது முதல்நாள் வாங்கிவைத்த இறைச்சி. ஹலாலில் குறையில்லை, பழுதாகாமல் வைத்திருந்தார்களா என்பதுதான் கேள்வி. அன்றைக்குக் கோழியைவிட மீன் உத்தமம்.

நோன்பு மாதத்தில் பயணியாக வருபவர்கள் பகல் சாப்பாட்டை நம்பிக் கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ போகக் கூடாது. மஃரிபுக்குப் பிறகுதான் கடைகளுக்கு உயிர் வரும், பிறகு விடியுமுன் உண்ணும் ஸஹர்வரை கொத்துச் சத்தம் ஓயாது. இப்தார் நேரத்தில் எந்தப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தாலும் ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி கிடைக்கும், ஊர் பெயர் கேட்க மாட்டார்கள். பகலில் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் அந்தப் பக்கம் போகிறவர்கள் நகரத்துச் சைவக்கடையில் காலையிலேயே பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். மரக்கறிச் சோறு பின்னேரம்வரை தாங்காது. இடியப்பமும் சம்பலும் என்றால் பகல் இரண்டு மணிவரை ஓடும், சொதியை மட்டும் பொலித்தீன் பையில் வேறாகக் கட்டச் சொல்லுங்கள்.